பழுதான கவச வாகனத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

பிரித்தானியாவில் வரி கட்டி வாழும் தமிழ் உறவுகளுக்கு,



நம் வரிப்பணம் எங்கே போகிறது என்று நாம் கேட்காமல் இல்லை. சத்திரசிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும்போது கேட்கிறோம். கவுன்சில் வரி கூடும்போது கேட்கிறோம். இராணுவத்துக்குப் போகும் பங்கைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அதன் காரணம் எனக்கும் தெரியும். நம்மில் பலர் போர் துரத்த இங்கே வந்து சேர்ந்தவர்கள். கவச வாகனம் என்றாலே பேச்சை மாற்றிவிடுகிற வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த நாட்டு இராணுவம் வாங்கும் வண்டிக்கு நாமும் பணம் கட்டுகிறோம். அந்த வண்டி பழுதாக வந்தால் அதைத் திருத்தும் செலவு யார் தலையில் விழுகிறது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. அதைக் கேட்கச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

வண்டியின் பெயர் ஏஜாக்ஸ். 1970களில் சேவைக்கு வந்த பழைய உளவு வாகனங்களுக்குப் பதிலாக பிரித்தானிய இராணுவம் வாங்க முடிவுசெய்த புதிய கவச வாகனக் குடும்பம் இது. 2010இல் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தின் பிரித்தானியக் கிளைக்கு வேலை கொடுக்கப்பட்டது. 2014இல் உற்பத்திக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு வகைகளில் மொத்தம் 589 வாகனங்கள். பயிற்சி, தொடக்ககாலப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5.5 பில்லியன் பவுண், அதாவது 550 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு வாகனத்துக்கு 90 இலட்சம் பவுணுக்கும் மேல். 2017இல் சேவைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2020, 2021 என்று குறித்த புதிய தவணைகளும் தவறின.

தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2021 டிசம்பர் வரை பாதுகாப்பு அமைச்சு நிறுவனத்துக்குக் கொடுத்த பணம் 3.2 பில்லியன் பவுண். அதுவரை இராணுவத்தின் கையில் வந்து சேர்ந்த வாகனங்கள் 26. அவையும் பயிற்சிக்கு வந்தவை, களத்துக்குப் போகக்கூடியவை அல்ல. ஒப்பந்தத் தொகையில் பாதிக்கு மேல் கொடுத்தாயிற்று. களத்தில் பாவிக்கக்கூடிய ஒரு வண்டிகூட அப்போது இல்லை.

என்ன பழுது? சத்தமும் அதிர்வும்.

வண்டியின் எடை ஏறக்குறைய 40 தொன். ஏஜாக்ஸ் வகைக்குள் ஓட்டுநர், சுடுநர், கட்டளையாளர் என மூன்று பேர். எஞ்சின் இரைச்சலுக்கும் சங்கிலிச் சில்லின் கடகடப்புக்கும் நடுவில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் காதில் விழாது. அதனால் எல்லோர் தலையிலும் ஹெட்செட் இருக்கும். பரீட்சார்த்த ஓட்டங்களின்போது சிப்பாய்களுக்குக் காதில் இரைச்சல், கேட்கும் திறனில் குறைவு, உடலில் அதிர்வின் பாதிப்பு என்று முறைப்பாடுகள் வந்தன. 2020 நவம்பரில் ஓட்டங்கள் நிறுத்தப்பட்டு, பிறகு மீண்டும் தொடங்கி, 2021 யூனில் மறுபடியும் நிறுத்தப்பட்டன.

சத்தமும் அதிர்வும் எங்கிருந்து வருகின்றன என்று அமைச்சர் அந்த ஆண்டில் பாராளுமன்றத்தில் ஒரு பட்டியல் வைத்தார். சங்கிலியின் இழுவிசை. சங்கிலியை இழுக்கும் பற்சில்லின் வடிவமைப்பு. சஸ்பென்ஷன். எஞ்சின் வண்டிக்குள் பொருத்தப்பட்டிருக்கும் விதம். சரியாக முறுக்கப்படாத போல்ட்டுகளும் இறுக்கமில்லாத பாகங்களும். தரம் குறைந்த வெல்டிங். வண்டிக்கு வண்டி வேறுபட்ட இடத்தில் ஓடும் வயர்கள். இவற்றோடு இன்னொன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது: ஹெட்செட்டே காதுக்குள் கடத்தும் சத்தம்.

இந்தப் பட்டியலைச் செலவுக் கணக்காக ஒருமுறை படித்துப் பாருங்கள். வெல்டிங் மோசம் என்றால் குற்றம் நிறுவனத்தின் மேல். அவர்களே திருத்தித் தரவேண்டும். ஹெட்செட்டில் குறை என்றால் கதை மாறுகிறது. ஏஜாக்ஸில் உள்ள எல்லாமே ஜெனரல் டைனமிக்ஸ் செய்ததல்ல. சில பொருட்களை அமைச்சே வாங்கி நிறுவனத்திடம் கொடுத்தது. வண்டியின் 40 மில்லிமீற்றர் பீரங்கி அப்படி வந்தது. பற்சில்லின் வடிவமைப்பில் குறை என்றால் இன்னும் சிக்கல்: இந்த வண்டிக்கு இராணுவம் கேட்ட தேவைகள் ஏறக்குறைய 1,200 என்று கணக்காய்வு அறிக்கை சொல்கிறது. கேட்டவர் கேட்டது அதிகமா, செய்தவர் செய்தது குறைவா? இங்கேதான் தகராறு ஆரம்பமாகிறது.

புதுக் கார் வாங்கிய எல்லோருக்கும் இது விளங்கும். உத்தரவாதக் காலத்துக்குள் கியர் பெட்டி போனால் விற்றவர் முதலில் கேட்பது, "நீங்கள் எப்படி ஓட்டினீர்கள்?" என்பதுதான். கார் என்றால் சில ஆயிரம் பவுணோடு கதை முடியும். இங்கே பேசப்படுவது கோடிக்கணக்கில். இரு பக்கத்திலும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும் நாளெல்லாம் வண்டி கொட்டகையில் நிற்கிறது.

அமைச்சின் பதில் எப்போதும் ஒன்றுதான்: இது விலை நிர்ணயித்த ஒப்பந்தம், ஆகவே திருத்தும் செலவு நிறுவனத்துடையது, வரி கட்டுவோர் மேலதிகமாக ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. அதில் உண்மை இருக்கிறது. 2020 டிசம்பருக்குப் பிறகு அமைச்சு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணம் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது. அது சரியான முடிவு. 2023 மார்ச்சில் 480 மில்லியன் பவுண் கொடுத்துக் கொடுப்பனவை மறுபடியும் தொடங்கியது. மொத்த விலை ஏறவில்லை என்கிறார்கள். ஏற்றுக்கொள்வோம்.

ஆனால் அந்த ஒப்பந்தத் தொகைக்குள் அடங்காத செலவுகளை யாரும் நமக்குக் கூட்டிக் காட்டவில்லை.

முதலாவது, மனிதர்களுடைய உடம்பு. ஏஜாக்ஸில் வேலை செய்து சத்தத்துக்கும் அதிர்வுக்கும் ஆளானவர்கள் என்று அமைச்சு அடையாளம் கண்டவர்கள் 310 பேர். 2021 டிசம்பரில் 17 பேர் கேட்கும் திறன் தொடர்பாக நிபுணரின் சிகிச்சையில் இருந்தார்கள். 11 பேருக்குச் சத்தமுள்ள இடங்களில் வேலை செய்வதில் நீண்டகாலக் கட்டுப்பாடு பரிந்துரைக்கப்பட்டது; அவர்களில் 7 பேருக்கு ஏற்கெனவே காதில் பிரச்சினை இருந்ததாக அமைச்சர் சொன்னார். செல் விழுந்த சத்தம் காதில் தங்கிப்போனவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். இராத்திரி எல்லோரும் உறங்கிய பிறகும் ஓயாமல் ஒலிக்கும் அந்த இரைச்சல் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சேவையில் காயப்பட்ட சிப்பாய்க்கு நட்டஈடு கொடுப்பதற்கு 2005 ஏப்ரல் முதல் ஒரு திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பணம் போவது அரசின் கஜானாவிலிருந்து. பழுதான வண்டியைச் செய்தவர் வண்டியைத் திருத்தித் தருவார். அதே பழுதால் கெட்டுப்போன காதுக்கு நட்டஈடு கொடுப்பது நாம்.

இரண்டாவது, காலம். வரவேண்டிய வண்டி வராதபோது இராணுவம் சும்மா இருக்க முடியாது. உளவுப் பணிக்கு 1980களின் வாரியர் வாகனங்களை இடைக்காலமாக இறக்கினார்கள். அந்த வாரியரைப் புதுப்பிக்கும் திட்டமோ ஏறக்குறைய 430 மில்லியன் பவுண் செலவான பிறகு 2021இல் கைவிடப்பட்டது. பழைய வண்டிக்கு உதிரிப்பாகம் தேடுவது, திருத்துவது, சிப்பாய்க்கு வேறு வண்டியில் பயிற்சி கொடுப்பது எல்லாமே பணம். அதை ஏஜாக்ஸின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

மூன்றாவது, அமைச்சின் சொந்த உழைப்பு. திரும்பத் திரும்பச் சோதனைகள், நிபுணர்கள், விசாரணைகள், சட்ட ஆலோசனைகள். 2019இலேயே இரு தரப்பும் பழைய தகராறுகளைத் தீர்த்து ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியிருந்தன. அதற்குப் பிறகும் இவ்வளவும் நடந்திருக்கிறது.

சத்தமும் அதிர்வும் தீங்கானவை என்பதற்கான அறிகுறிகள் 2018இலேயே அமைச்சுக்குள்ளிருந்தே வந்துவிட்டன. ஓட்டங்கள் நின்றது 2020 நவம்பரில். நடுவில் இரண்டு ஆண்டுகள் சிப்பாய்கள் அந்த வண்டிக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று அமைச்சின் உடல்நலப் பாதுகாப்புப் பணிப்பாளராக இருந்த டேவிட் கிங் ஆராய்ந்து 2021 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். சிப்பாய் என்றால் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும் என்ற எண்ணம் இராணுவத்துக்குள் பேசாமலே நிலவியதாக அதில் இருக்கிறது. செலவுக்கும் காலத்துக்கும் கொடுத்த மதிப்பு மனிதருடைய பாதுகாப்புக்குக் கொடுக்கப்படவில்லை என்றும் இருக்கிறது. வழக்கறிஞர் கிளைவ் ஷெல்டன் 2023 யூனில் வெளியிட்ட மீளாய்வு, எச்சரிக்கைகள் மேலிடத்துக்குப் போய்ச் சேராத கதையைப் பக்கம் பக்கமாகச் சொன்னது. அவர் 24 பரிந்துரைகள் செய்தார். 15ஐ அரசு ஏற்றது. 9ஐக் கொள்கை அளவில் ஏற்றது.

இத்தனைக்கும் பிறகு 2025 நவம்பர் தொடக்கத்தில் ஏஜாக்ஸ் களத்துக்குப் போகத் தயார் என்று அரசு அறிவித்தது. வண்டி பாதுகாப்பானது என்று தனக்கு எழுத்தில் உறுதி தரப்பட்டதாக அமைச்சர் லூக் பொலார்ட் சொன்னார். அதே மாதம் 22ஆம் தேதி நடந்த பயிற்சியில் ஏறக்குறைய 30 சிப்பாய்களுக்குச் சத்தத்தாலும் அதிர்வாலும் உடல்நிலை பாதிக்கப்பட்டது. வண்டியின் பாவனையை அமைச்சர் இடைநிறுத்தினார். எழுத்தில் கொடுத்த உறுதியின் ஆயுள் மூன்று வாரம்கூட இல்லை.

இது பிரித்தானியாவுக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. 2022 டிசம்பரில் ஜேர்மனியில் ஒரு பயிற்சிக்குப் போன பூமா கவச வாகனங்கள் 18உம் செயலிழந்தன. பாதுகாப்பு அமைச்சர் உடனே புதிய கொள்வனவை நிறுத்தினார். உற்பத்தி நிறுவனங்கள் சில வாரங்களில் பெரும்பாலானவற்றைத் திருத்திக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் சிறு பழுதுகள்தான் என்றன. செய்தவரின் குறையா, பராமரிப்பின் குறையா என்று அங்கேயும் விவாதம் ஓடியது.

"அப்படியென்றால் எல்லா ஒப்பந்தத்திலும் கடுமையான உத்தரவாதம் எழுதி வாங்கினால் போயிற்றே" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. ஆயுதங்கள் வாங்கும்போது உத்தரவாதம் கட்டாயம் என்று 1980களில் சட்டம் போட்டார்கள். 1996இல் அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் கணக்குப் பார்த்தது. தான் ஆராய்ந்த உத்தரவாதங்களில், அரசு கொடுத்த ஒவ்வொரு 19 டொலருக்கும் திரும்பக் கிடைத்தது ஏறக்குறைய 1 டொலர் என்று கண்டது. உத்தரவாதத்தின் விலையை நிறுவனங்கள் முன்கூட்டியே ஆயுதங்களின் விலையில் ஏற்றிவிட்டன. பழுது வந்தபோது உரிமை கோருவதற்கு வேண்டிய பதிவுகளைப் படைகள் ஒழுங்காக வைத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள்.

திருத்தும் உரிமை என்ற இன்னொரு சிக்கலும் அங்கே வந்தது. 2019இல் அமெரிக்க மரைன் படையைச் சேர்ந்த ஓர் அதிகாரி பகிரங்கமாக எழுதினார்: தென்கொரியாவில் நின்றுபோன ஒரு ஜெனரேட்டரைத் திருத்தத் தெரிந்த ஆட்கள் பக்கத்திலேயே இருந்தும், கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று தடுத்துவிட்டார்கள். படையினர் தாங்களே திருத்திக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தங்களில் சேர்க்கும்படி 2025 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படைக்கு உத்தரவு வந்தது. அதைச் சட்டமாக்கும் வாசகங்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் பாதுகாப்புச் சட்டமூலத்திலிருந்து கழன்றுவிட்டன.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். தகராறு வந்த பிறகு யார் கட்டுவது என்று சண்டை போடுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பணம் கையை விட்டுப் போவதற்கு முன்பே வண்டியைச் சோதிக்க வேண்டும். சோதிப்பவர் அந்தத் திட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே உட்காரப்போகும் சிப்பாய் "முடியாது" என்று சொன்னால் அந்தச் சொல் அமைச்சர் மேசை வரை போக வேண்டும். அதற்குப் பிறகும் பழுது வந்தால், இரும்புக்கு ஆன செலவோடு மனிதருக்கு ஆன செலவும் ஒரே கணக்கில் வர வேண்டும்.

சிலர் என்னிடம், இதைப் பெரிதாக்கினால் வேல்ஸில் வேலை போகும் என்கிறார்கள். பாகங்களைப் பொருத்தி ஏஜாக்ஸ் தயாராவது தென் வேல்ஸின் மேர்தர் டிட்ஃபில் ஊரில். நிலக்கரியும் இரும்பும் போன பிறகு நல்ல வேலைக்காக ஏங்கிய ஊர் அது. அந்தத் தொழிலாளர்மேல் எனக்குக் குறையேதும் இல்லை. ஒப்பந்தத்தை எழுதியவர்களும், அறிக்கையை அடியில் போட்டவர்களும், முன்கூட்டியே காசோலையில் கையெழுத்திட்டவர்களும் அவர்கள் அல்ல. இந்தக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் அவர்களுக்கும் நல்லதே. பழுதோடு வெளியேறும் ஒவ்வொரு வண்டியும் அவர்களுடைய அடுத்த வேலையைத்தான் பறிக்கிறது.

இராணுவத்துக்காக நாம் ஏன் பேசவேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மடல் எந்தப் போரையும் ஆதரிக்கச் சொல்லவில்லை. தன்னிடம் வேலை செய்யும் 20 வயதுப் பிள்ளையைத் தீங்கான யந்திரத்துக்குள் உட்காரவைத்துவிட்டு, "தாங்கிக்கொள்" என்று சொன்ன முதலாளியைப் பற்றிப் பேசுகிறது. அந்த முதலாளி அரசு. அரசுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் நாம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதுங்கள். பிரித்தானியக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லையே என்று தயங்காதீர்கள். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே தங்கும் அனுமதி பெற்றவர்களும் பொதுநலவாயக் குடிமக்கள் என்ற முறையில் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். வாக்கு இல்லாதவருக்கும் தன் தொகுதி உறுப்பினரே பிரதிநிதி. அவரிடம் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: ஒப்பந்தத் தொகைக்கு வெளியே ஏஜாக்ஸின் குறைகளால் இதுவரை ஆன செலவு எவ்வளவு? மேலதிகச் சோதனைகள், மருத்துவம், நட்டஈடு, பழைய வாகனங்களின் பராமரிப்பு, சட்டச் செலவு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பட்டியலாக வெளியிடுவீர்களா?

இரண்டு: அந்தச் செலவில் எந்தப் பகுதியை நிறுவனத்திடம் அறவிடப் போகிறீர்கள்? முடியாது என்றால், எந்த விதியால் முடியாது?

மூன்று: இனி வாங்கும் கவச வாகனங்களுக்கு, சத்தமும் அதிர்வும் பாதுகாப்பான அளவில் இருப்பதைத் திட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவர் உறுதிப்படுத்தும் வரை பெருந்தொகை கொடுப்பதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதுவீர்களா? நம் படையினரே திருத்திக்கொள்ளும் உரிமையையும் அதில் சேர்ப்பீர்களா?

ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி எழுதுங்கள், அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். உங்கள் பெயரையும் முழு முகவரியையும் தபால் குறியீட்டோடு போட மறக்காதீர்கள். தன் தொகுதியில் வசிப்பவருக்குத்தான் உறுப்பினர் பதில் அனுப்புவார். "நிறுவனமே செலவைப் பொறுத்துக்கொள்கிறது" என்ற ஒற்றை வரிப் பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். முதலாம் கேள்வியை அப்படியே பிரதி செய்து திருப்பி அனுப்புங்கள்.

தமிழ்ப் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் ஊர்ச்சங்கக் கூட்டங்களிலும் இந்த மூன்று கேள்விகளை வாசித்துச் சொல்லுங்கள். ஒரு தொகுதியிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அதை உதவியாளர் பார்த்துக் கோப்பில் வைப்பார். ஐம்பது வந்தால் உறுப்பினர் எழுந்து சபையில் கேட்பார். இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் வீட்டிலிருந்து ஒரு கடிதம் போகட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்